ரிவர்ப் பெட்டிக்கு மூன்று ஓலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றுவரை என் கைக்கு அடங்கவில்லை. ஒற்று எங்கே வரும் என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இதை அச்சுக்கு எடுப்பவர் திட்டாமல் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் மைக் செட் வைப்பவன். பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கிறிஸ்தவக் கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். இத்தனை வருடத்தில் மைக்கில் நான் பேசியது "அலோ, ஒன்று, இரண்டு, மூன்று" மட்டும்தான். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. பேசாதவன் பக்கத்தில் இருந்தால் பேசுகிறவர்கள் நன்றாகப் பேசுவார்கள். அப்படித்தான் நான் சொல்லப் போகிறவரோடு எனக்குப் பழக்கம்.

அவரை ஊரில் 'கிட்டார்' என்றுதான் சொல்வார்கள். "கிட்டாரு வூட்டு மாடு கன்னு போட்டுருச்சு" என்பார்கள். "கிட்டாருக்குச் சளி புடிச்சிருக்குது" என்பார்கள். ஊரிலிருக்கிற கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் அவர் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். வயதில் என்னைவிடப் பெரியவர், நான் அண்ணா என்பேன். அவர் மனைவியை அண்ணி என்பேன். நிலம், மாடு, தக்காளி, கேழ்வரகு எல்லாம் அண்ணி பொறுப்பு. அண்ணாவை வயலுக்கு அனுப்பினால் பழுத்த தக்காளியை விட்டுவிட்டு, எது பழுத்தது என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு நிற்பார்.

அவருடைய குணமே அதுதான். எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார். ஓலை வாசிப்பார்.

ஓலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று வரும். எங்கள் ஜனத்தில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் அந்த ஓலையெல்லாம் என் மைக்கில் வாசிக்கப்படுவதால் எனக்கு மனப்பாடம்.

அண்ணா இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார். சட்டைத்துணி எடுப்பதற்கு முன்னால் டீக்கடையில் எழுந்து நிற்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"இது மொத ஓலைங்க. ஊதாவுல கட்டம் போட்ட துணி, பாலக்கோட்டுக் கடையில பாத்து வச்சிருக்கேன். யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லலாம்."

ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டா? பக்கத்து ஊர்க் கவுண்டர்கள்கூட டீ குடிக்க வரும்போது, "இன்னிக்கு ஓலை ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருவார்கள். ஊதாவுக்குத் தடை சொல்வார்கள், கட்டத்துக்குத் தடை சொல்வார்கள், பாலக்கோட்டுக்கே தடை சொல்வார்கள். ஒரு தடை வந்தால் போதும், அவர் அந்தத் துணியை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்கப் போய்விடுவார். அவரிடம் சட்டைகள் குறைவாக இருந்ததற்குக் காரணம் வறுமை இல்லை.

ஒரு தடவை கடைவாய்ப் பல் வலி வந்தது. தர்மபுரியில் டாக்டர் பார்த்துப் பிடுங்க வேண்டும் என்றார். அண்ணா வீங்கின கன்னத்தோடு டீக்கடையில் நின்று பல்லுக்கு ஓலை வாசித்தார். டீக்கடைக்காரர் தன் மாமனாருக்குப் பல்லைப் பிடுங்கியதும் காது மந்தமானது என்று தடை சொன்னார். அதைக் கேட்டு அண்ணா இன்னொரு டாக்டரைப் பார்த்தார். அவருக்கும் ஓலை, அவருக்கும் தடை. ஓலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் களி சாப்பிடுகையில் பல் தானாக வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"பாத்தியாப்பா? அவசரப்பட்டிருந்தா டாக்டருக்குக் குடுத்திருக்கணும்."

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அண்ணியிடம் ஒரு நாள் எப்படியோ கேட்டுவிட்டேன். அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணா அங்கேயே நின்றார்.

"எங்க கல்யாணத்துக்கு மூணு ஓலை படிச்சாங்க தம்பி. ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதுல இருந்து இந்த மனுசனுக்கு ஒரே ரோசனை. இத்தன சனம் இருந்தும் ஒருத்தன்கூட எச்சரிக்கலியேன்னு."

"நான் அப்படிச் சொல்லல" என்றார் அண்ணா. "ஒருத்தராவது கேட்டிருந்தா நான் நல்லா யோசிச்சு ஒரு பதில் சொல்லியிருப்பேன்னுதான் சொன்னேன்."

"என்னா பதிலு?"

"சரின்னுதான்."

"இத்தன வருசம் கழிச்சு சரிங்கிறாரு" என்று அண்ணி மாட்டிடம் சொன்னார்.

இப்படிப்பட்டவர் ஒரு பொருளை ஒரு தேதிக்குள் வாங்கியே ஆகவேண்டும் என்ற நிலைமை வந்தது. அதற்குக் காரணம் கோயில் சீலிங்.

எங்கள் ஊர்க் கோயிலின் கூரை நல்ல உயரம். அங்கே ஒரு தும்மல் போட்டால் அது பீடம் வரைக்கும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடங்கும். வெயில் காலத்தில் உள்ளே வெந்து போகிறது என்று ஊரைச் சேர்ந்த தக்காளி மண்டிக்காரர் ஒருவர் தன் செலவில் ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கொடுத்தார். ஜிப்சம் பலகை, நடுவில் பூ வேலை, சுவருக்குத் திரை, தரைக்குக் கம்பளம். நல்ல மனதோடுதான் செய்தார். மண்டி மாரண்டஹள்ளியில் இருந்தாலும் தினமும் வந்து வேலையைப் பார்த்தார். கோயில் குளிர்ந்தது. சத்தம் செத்துப் போனது.

மனிதக் குரலுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. கிட்டாருக்குத்தான் கஷ்டம். அண்ணா கம்பியைத் தொட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தகர டப்பாவில் கல்லைப் போட்ட மாதிரி. புதிதாக வந்த ஃபாதர் தன்மையானவர். நாலைந்து ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு, பாடகர் குழு முன்னால் அண்ணாவிடம் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. கிட்டார் சத்தம் ஜெபத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு சொல்றாங்க. திருவிழா வரைக்கும் பார்ப்போம். திருவிழாப் பூசையிலயும் இப்படியே இருந்தா, அடுத்த ஞாயிறுல இருந்து பென்டிரைவ்ல இசையைப் போட்டுப் பாடிக்கலாம்."

அண்ணா தலையை ஆட்டினார். வெளியே வந்து, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாரத்துல ஒரு நாளுதாம்பா உங்க அண்ணி நான் பேசுறத முழுசாக் கேக்குறா. அதுவும் கம்பியில பேசுறதால. அதுவும் போயிட்டா நான் வூட்ல என்னாத்துக்கு?"

அடுத்த ஞாயிறு என் ஆம்ப்ளிஃபயரில் இருந்த எக்கோ திருகைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். என்னால் முடிந்தது அதுதான். கிட்டாருக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஃபாதரின் மைக்கும் அதே பெட்டியில் இருந்தது. அவர் பிரசங்கத்தில் "அன்பார்ந்தவர்களே" என்றதும் "களே, களே, களே" என்று நாலு பக்கமும் கூப்பிட்டது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் கூட்டத்தில் கலகம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். நான் திருகைப் பழையபடி வைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்புறம்தான் ரிவர்ப் பெடல் என்ற பேச்சு வந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு இரும்புப் பெட்டி. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டிக் காலால் அமுக்க வேண்டும். உள்ளே வறட்டுச் சத்தம் போனால், வெளியே பெரிய கட்டடத்துக்குள் வாசித்தது மாதிரி வரும். எக்கோ வேறு, இது வேறு என்று அண்ணா எனக்கு விளக்கினார்.

"எக்கோன்னா நீ கூப்பிட்டதையே திருப்பிக் கூப்பிடுறது. கேலி பண்ற மாதிரி. ரிவர்ப்புன்னா நீ கூப்பிட்டு முடிச்சாலும், எடம் உன்ன மறக்காம இருக்கிறது."

டீக்கடைக்காரர் காதில் 'ரிவர்ப்' என்பது 'ரிவர்ஸ்' என்று விழுந்தது. அதிலிருந்து ஊரே, "என்னாங்க, ரிவர்ஸ் எடுத்துட்டீங்களா?" என்றுதான் கேட்டது. ஒரு டெம்போ டிரைவர் தன் பழைய வண்டியின் ரிவர்ஸ் ஹாரனைக் கழற்றிக் கொண்டுவந்து அண்ணாவிடம் கொடுத்தார். இனாமாகத்தான். அதில் குழந்தை அழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அண்ணா மனசு நோகக்கூடாது என்று வாங்கிக்கொண்டார். மறக்காமல் அதற்கும் ஓலை வாசித்தார். அண்ணி தடை சொன்னார்.

பெடலில் நூறு வகை இருந்தது. ஒரு திருகு வைத்தது, மூன்று திருகு வைத்தது, இரண்டு பக்கம் சத்தம் வெளியே விடுகிற ஸ்டீரியோ, பேட்டரியில் ஓடுவது, அடாப்டர் தனியாக வாங்க வேண்டியது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரர்கள் யூடியூபில் வாசித்துக் காட்டுகிறார்கள். அண்ணா போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"போனுல கொசு கத்துற மாதிரி இருக்குது. உன் செட்டுல போட்டுவுடு, கேக்கலாம்."

அன்று என் பாக்ஸ் ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்குப் போயிருந்தது. மாரியம்மன் பண்டிகைக்காகப் புளியமரத்தில் கட்டிய குழாய் மட்டும்தான் இருந்தது. அதிலேயே மாட்டினேன். ஊர் முழுக்க ஒரு வெள்ளைக்காரர் பேச ஆரம்பித்தார். பேசுவார், ஒரு தடவை கம்பியைத் தொடுவார், மறுபடி பேசுவார். வயலில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பாட்டி வரப்பு வரைக்கும் வந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, யாரு அது பேசுறது? அணை தொறக்குறாங்களா?"

"இல்லீங்க ஆயா, பெட்டி விக்கிறாங்க" என்றேன்.

"நம்ம மாரியம்மன்கிட்ட வந்து விக்கிறானா?" என்று கேட்டுவிட்டு அவர் நின்று முழுவதையும் கேட்டார். ஊரே கேட்டதால், அதன் பிறகு தடை சொல்ல ஊரே தகுதி பெற்றுவிட்டது.

அண்ணா அளவு சொல்வதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சத்தம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை இடத்தை வைத்துச் சொல்வார். "இது கெணத்தளவு." "இது பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு, பஸ்ஸெல்லாம் போன பொறவு." "இது பழைய கோயிலளவு, நமக்கு இதுதான் வேணும்." எல்லாவற்றிலும் மேல் அளவு தீர்த்தமலை. நான் ஒரு தடவை அங்கே செட் கட்டப் போனபோது கூட வந்தார். மலை ஏறி, பாறைக்கு முன்னால் நின்று கை தட்டித் தட்டிக் கேட்டார். பின்னால் வந்த பக்தர்கள் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அவர்களும் நின்று கை தட்டினார்கள். கீழே இறங்கி வரும்போது, "இது ஆண்டவனுக்குத்தாம்பா. மனுசனுக்கு இவ்ளோ ஆகாது" என்றார்.

வாங்கும் விலையையும் அவர் தக்காளியில்தான் வைத்திருந்தார். காசு அண்ணியின் தக்காளியிலிருந்து வர வேண்டும். மார்க்கெட்டில் காலையில் விலை ஏறினால், "ஸ்டீரியோவே பாக்கலாம்பா" என்று வருவார். இறங்கினால், "ஒரு திருகு இருந்தாப் போதும், நமக்கென்ன" என்று வருவார். ஒரே வாரத்தில் அவர் ஆசை ஏறி இறங்கியதைப் பார்த்து, மார்க்கெட் நிலவரம் தெரிந்துகொள்ள நான் ரேடியோ கேட்பதை விட்டுவிட்டேன்.

தக்காளி இறங்கியிருந்த நாளில் முதல் ஓலை வாசித்தார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், பாதிப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது. சின்னப் பெட்டி, மூன்று திருகு, விலை குறைவு. போனில் படத்தைக் காட்டினார். பெட்டியின் மேல் ஒரு மண்டையோடு வரைந்திருந்தது. சிவப்பு விளக்கு அதன் கண்ணில் எரியும்.

கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "பீடத்துக்கு முன்னால பிசாசைக் கொண்டாந்து வப்பீங்களா?"

"அது பொம்மைதாங்க."

"பொம்மைக்கு எதுக்குங்க கண்ணு எரியுது?"

அது போனது. அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. நீலப் பெட்டி, ஒரே திருகு, படம் எதுவும் இல்லை. அதை டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். அவர் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. ஓலை கேட்பதற்காகவே வாசலில் வந்து நின்றார்.

"சாமி பாட்டு அந்தப் பெட்டி வழியாத்தான போவுது? சாமி பாட்டு போற சாமானக் காலால மிதிக்கிறது எந்த ஊரு ஞாயம்?"

"கையில கிட்டாரு இருக்குதுங்களே. வேற எதால அமுக்குறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தடை கேட்டீங்க, சொன்னேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். அதுவும் போனது.

மூன்றாவது ஓலை திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு. அன்றைக்கே ஆர்டர் போட்டால்தான் திருவிழாவுக்குள் வந்து சேரும். தக்காளி ஏறியிருந்தது. அண்ணா நல்ல பெட்டியாகப் பார்த்து வைத்திருந்தார். வெள்ளை நிறம், மண்டையோடு கிடையாது, தரையில் வைத்தால் பார்க்க மரியாதையாக இருக்கும். அதில் அறை, மண்டபம் என்று சத்தத்துக்கு வகை வகையாகப் பெயர் எழுதியிருந்தது. கடைசியில் 'சர்ச்' என்றே ஒன்று. அண்ணா போனில் அந்த எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"கோயிலுன்னே எழுதியிருக்குதுங்க. கடவுளாப் பாத்து எழுதின மாதிரி. தடை இருந்தாச் சொல்லுங்க."

ஒருவரும் பேசவில்லை. நான் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது மண்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் ஒண்ணு கேக்குறேன். கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டு, பெட்டியில இன்னொரு கோயில் என்னாத்துக்குங்க? அப்ப இது கோயில் இல்லியா? நான் சீலிங் போட்டது தப்புன்னு ஊருக்குச் சொல்றீங்களா?"

அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அண்ணா அதைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"தடை வந்துருச்சுங்க. விட்டுடலாம்" என்றார்.

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஆம்ப்ளிஃபயரை வண்டியில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

"கிட்டாரை வித்துரலாமான்னு நெனக்கிறேன். அதுக்கு ஓலை வாசிச்சா ஒருத்தரும் தடை சொல்ல மாட்டாங்க இல்ல?"

வீட்டுக்குப் போனதும் அண்ணி எங்கள் முகத்தைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. உள்ளே போய்க் கேழ்வரகு டிரம்மின் மூடியைத் திறந்து, தோள்வரைக்கும் கையை விட்டு, ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து உதறினார். கேழ்வரகு தரையெல்லாம் சிதறியது. உள்ளே மண்டையோட்டுப் பெடல்.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் அண்ணா.

"நீங்க மொத ஓலை படிச்ச அன்னிக்கே ஓசூர்ல இருக்கிற புள்ளகிட்டச் சொல்லிப் போடச் சொல்லிட்டேன். நீங்க பாட்டுக்கு ஓலையப் படிச்சிட்டிருங்க. நான் மொத ஓலைக்கே தாலி கட்டிக் கூட்டியாந்துட்டேன்."

"தடை இருக்குதேடி. கோயில்பிள்ளை சொன்னாரே."

"கோயில்பிள்ளையா கிட்டாரு வாசிக்கிறாரு? நீங்க வாசிக்காம வூட்ல உக்காந்திருந்தா அந்த மூஞ்சிய அவரா பாத்துட்டு இருக்கப் போறாரு? உங்களுக்குப் பாட்டு வேணும். எனக்கு வூட்ல நிம்மதி வேணும். எனக்குத் தடை இல்ல. போயி மாட்டுங்க."

அண்ணா பெட்டியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகுகளுக்கு இடையில் சிக்கியிருந்த ஒரு கேழ்வரகை நகத்தால் எடுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "டேப்பு வச்சிருக்கியாப்பா?" என்றார்.

மண்டையோட்டை மறைக்க நான் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். கொஞ்சம் தாராளமாகவே ஒட்டிவிட்டேன். மண்டையோட்டோடு சேர்ந்து திருகுகளின் பெயரும் உள்ளே போய்விட்டது. எது சத்தத்தின் நீளம், எது அளவு என்பது அதன் பிறகு எங்கள் இருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய கோயிலளவு எங்கே இருக்கும் என்று அண்ணா குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தார். கண் விளக்கை மட்டும் மறைக்க முடியவில்லை. அதன் மேல் டேப் நிற்கவில்லை, சூட்டில் உரிந்து வந்தது.

திருவிழாப் பூசை காலையில். கோயில் நிறைந்து வாசலுக்கு வெளியிலும் ஆட்கள். மண்டிக்காரர் குடும்பத்தோடு முன் வரிசையில். அண்ணி பெண்கள் பக்கம், தூணை ஒட்டி. அண்ணா பாடகர் குழுவின் ஓரத்தில் பெடலைத் தரையில் வைத்து, வேட்டியை அதன் மேல் விழும்படி தழைத்துவிட்டுக்கொண்டார். தொடக்கப் பாட்டுக்கு ஃபாதர் பவனியாக உள்ளே வந்தார். அண்ணா பெடலை அமுக்கினார்.

நான் இத்தனை வருடமாக ஸ்பீக்கர் கட்டுகிறேன். அப்படி ஒன்றை என் பெட்டியில் கேட்டதில்லை. கிட்டார் சத்தம் எழுந்து நின்றது. ஜிப்சம் பலகை, திரை, கம்பளம் எதுவும் அங்கே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் தப்பான திருகைத் திருப்பியிருந்தோம் என்பது பாட்டின் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது பழைய கோயிலளவு இல்லை. தீர்த்தமலை.

பாட்டு முடிந்தது. பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள். கீபோர்டு நின்றது. அண்ணா கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஃபாதர் பீடத்தில் கையை விரித்துக்கொண்டு ஜெபம் சொல்வதற்காகக் காத்திருந்தார். ஜனங்கள் காத்திருந்தார்கள். நடுவில் யாரோ இருமினார்கள். அந்த இருமலுக்கு ஒரு எதிரொலியும் இல்லை, வறட்டு இருமல். கிட்டார் மட்டும் மலையில் இருக்கிறது, மற்றதெல்லாம் கம்பளத்தில் இருக்கிறது என்பதை இப்போது எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். சத்தம் மேலிருந்து வருகிற மாதிரி இருந்ததால் முதலில் ஒருவர் பார்த்தார், அவரைப் பார்த்து அடுத்தவர் பார்த்தார். மண்டிக்காரரும் சீலிங்கைப் பார்த்தார். நடுவில் இருக்கிற பூ வேலையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் அவர் நேராகப் பாடகர் குழுவுக்கு வந்து அண்ணாவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? ஜிப்சம் புதுசுல கொஞ்சம் அடச்சிக்கிட்டுத்தான் இருக்கும். காஞ்சு, கோயிலுக்குப் பழகணும். இப்பப் பழகிருச்சு!"

ஃபாதரும் வந்து நின்றார். சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஃபாதரின் பார்வை கீழே போனது. அண்ணாவின் வேட்டி ஓரத்திலிருந்து ஒற்றைச் சிவப்புக் கண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஃபாதர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்டிக்காரரின் கலங்கிய முகத்தைப் பார்த்தார்.

அப்போது அண்ணா தொண்டையைச் செருமினார். ஓலை வாசிக்க எழுந்து நிற்கும்போது எப்படிச் செருமுவாரோ அப்படி. சீலிங் பழகிவிட்டது என்கிறார்கள், இதில் யாருக்காவது தடை உண்டா என்று கேட்டே விடுவார் என்று நினைத்தேன். தூணுக்குப் பக்கத்தில் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

அண்ணா குனிந்து பெட்டியை அணைத்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"நல்ல சீலிங்குங்க" என்றார்.

"ஆமாம். பழகிடுச்சு" என்றார் ஃபாதர். "கிட்டார் இருக்கட்டும். பென்டிரைவ் வேண்டாம். ஆனா அடுத்த ஞாயிறு இவ்ளோ பழக வேண்டாம், பூசைக்கு நேரமாகுது."

அன்று மத்தியானம் டேப்பை உரித்துத் திருகைச் சரியாக வைத்தோம். அதன் பிறகு பழைய கோயிலளவிலேயே வாசித்தார், ஒவ்வொரு ஞாயிறும். ஓசூருக்கு மகள் வீட்டோடு போகும் வரைக்கும். போவதை அண்ணி முடிவு செய்தார். அண்ணா ஓலை வாசிக்க டீக்கடைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பாதிச் சாமான் வண்டியில் ஏறிவிட்டது.

அவர் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பழகின சீலிங்கின் புகழ் பரவி, பக்கத்து ஊர்க் கிறிஸ்தவக் கோயிலிலிருந்து நாலு பெரியவர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் கோயிலும் உயரமான பழைய கட்டடம். அதே ஜிப்சம், அதே திரை, அதே கம்பளம் என்று முடிவு செய்து மண்டிக்காரர் மூலமாக விலை பேசியே விட்டிருந்தார்கள். மண்டிக்காரர் அண்ணாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொன்னார். அண்ணா வாசித்தார். நாலு பேரும் மேலே பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

அவர்களில் பெரியவர் கேட்டார். "நீங்க வாசிக்கிறவரு. சொல்லுங்க. நாங்களும் போட்டுரலாங்களா?"

அண்ணா மண்டிக்காரரைப் பார்த்தார். கால் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். போடலாம் என்றால் அந்த ஊர்க் கோயில் ஊமையாகிவிடும். வேண்டாம் என்றால் இந்த மனிதர் மறுபடி அழுதுவிடுவார். வெகுநேரம் யோசித்தார்.

"தாராளமாப் போடுங்க" என்றார். "ஆனா அதுக்கு முன்னால மூணு ஞாயிறு உங்க சனத்துகிட்ட ஓலை வாசிச்சுருங்க. தடை இருந்தாச் சொல்லுங்கன்னு."

"சீலிங்குக்கு ஓலையா?"

"ஆமாங்க. எங்க பக்கம் எல்லாத்துக்கும் வாசிப்போம்."

அவர்கள் போய் வாசித்தார்கள். முதல் ஞாயிறு நிறத்துக்குத் தடை வந்தது, இரண்டாவது ஞாயிறு பூ வேலைக்கு, மூன்றாவது ஞாயிறு மண்டிக்காரர் அந்த ஊரில் யாருக்குச் சொந்தம் என்பதற்கே தடை வந்தது. இந்த வருடம் ஆனியில் அந்தக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குச் செட் கட்டப் போயிருந்தேன். ஆட்கள் வருவதற்கு முன்னால் மைக்கை எடுத்து "அலோ" என்றேன். கூரை உயரமாக, வெறுமையாக, அப்படியே இருந்தது. என் ஒரு சொல்லை அது வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தது. ஓசூருக்குப் போன் போட்டு, இன்னொரு தடவை "அலோ" சொல்லி அண்ணாவைக் கேட்க வைத்தேன்.

ஆடிப் பண்டிகைகள் முடிந்து, குழாய்களை மரத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டு இதை எழுதி முடித்தேன். ஆவணி முதல் தேதி.